1.1 என்பது யாருடைய நார்மல்?

லேப் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும். சீரம் கிரியாட்டினின் 1.1. பக்கத்திலேயே 'நார்மல் 0.6 – 1.2' என்று அச்சடித்திருப்பார்கள். எண் அந்த எல்லைக்குள் இருந்தால் தடித்த எழுத்தில் வராது. டாக்டர் பார்ப்பார், 'கிட்னி நல்லா இருக்கு' என்பார், அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள்.

இந்த 1.1 ஒரு 22 வயது இளைஞனின் ரிப்போர்ட்டில் இருந்தால், அவனுடைய சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 97 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று இன்று உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு சொல்லும். அதே 1.1 அவனுடைய 60 வயது ஆயாவின் ரிப்போர்ட்டில் இருந்தால் கணக்கு சுமார் 57 என்று சொல்லும். அந்த அளவு 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அதற்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். இரண்டு தாளிலும் எண் ஒன்றுதான். பேரனுக்கு ஒன்றும் இல்லை. நடவுக்குப் போகும் ஆயாவுக்கு நோய் தொடங்கியிருக்கலாம். ஆனால் இருவரையும் 'நார்மல்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ரத்தப் பரிசோதனையைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும், அது டாக்டர் வேலை இல்லையா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பட்டா, அ-பதிவேடு, எஃப்.ஐ.ஆர். நகல் இதையெல்லாம் நாம் வாசிக்கக் கற்றுக்கொண்டது வேறு வழியில்லாமல்தான். வக்கீல் வேலை என்று விட்டிருந்தால் பஞ்சமி நிலத்தைப் பற்றி இன்று பேச ஆள் இருந்திருக்காது. லேப் ரிப்போர்ட்டும் அப்படி ஒரு ஆவணம்தான். காலனி வீடுகளில் எல்.ஐ.சி. பத்திரத்தோடும் சாதிச் சான்றிதழோடும் ஒரே மஞ்சள் பையில் மடித்து வைத்திருக்கிறார்கள். வாசிக்கத்தான் ஆள் இல்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கிரியேட்டின் வேறு, கிரியாட்டினின் வேறு. கிரியேட்டின் தசைக்குச் சட்டென்று சக்தி கொடுக்கும் பொருள். நம் உடம்பே அதைக் கொஞ்சம் தயாரிக்கிறது, மிச்சம் இறைச்சியிலும் மீனிலும் இருந்து வருகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1832இல் இறைச்சிச் சாற்றிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார். இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே பெயராகவும் வைத்தார்கள். தசையில் இருக்கும் கிரியேட்டினில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு தானாகவே கிரியாட்டினினாக மாறி ரத்தத்தில் கலக்கும். அது கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும்.

தசையை ஓர் அடுப்பு என்று வைத்துக்கொண்டால் கிரியாட்டினின் அதன் சாம்பல். சாம்பல் அள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. அடுப்படியில் சாம்பல் குவிந்து கிடந்தால் அள்ளுகிற ஆள் சரியாக அள்ளவில்லை என்று அர்த்தம் ஆகலாம். அடுப்பே பெரியது என்றும் ஆகலாம். அதேபோல, சாம்பல் குறைவாக இருப்பதாலேயே அள்ளுகிறவர் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று முடிவுகட்டவும் முடியாது. அந்த வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிகிறதோ என்னவோ.

பெரிய அடுப்பிலிருந்து தொடங்குவோம். திருவண்ணாமலையிலும் ஆரணியிலும் செய்யாறிலும் காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் தம்பிகளில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல், சாயங்காலம் ஜிம். ஜிம்மில் யாரோ சொல்லி கிரியேட்டின் பவுடர் வாங்குகிறார்கள். வீட்டில் மாதம் முழுக்க வாங்கும் பருப்பைவிட அந்த டப்பா விலை அதிகம். பிறகு ஏதோ காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தால் கிரியாட்டினின் 1.4 என்று தடித்த எழுத்தில் வந்து நிற்கும். கூகுளில் தேடி, கிட்னி போய்விட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருப்பான்.

22 வயது ஆணுக்கு 1.4 என்றால் கணக்குப்படி வடிகட்டும் அளவு சுமார் 73. உண்மையில் அதைவிட நன்றாகவே இருக்கக்கூடும். தசை அதிகம், பவுடர் வேறு, முந்தின நாள் கடும் பயிற்சி, போதாக்குறைக்கு ராத்திரி பிரியாணி. சமைத்த இறைச்சியில் இருக்கும் கிரியேட்டினில் ஒரு பகுதி சூட்டிலேயே கிரியாட்டினினாக மாறிவிடும். அதனால் சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் அளவு ஏறித்தான் இருக்கும். ஆரோக்கியமான சிறுநீரகத்தை வழக்கமான அளவு கிரியேட்டின் கெடுப்பதாக இதுவரை வந்த ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் அதைச் சாப்பிட்டுக்கொண்டே கிரியாட்டினினை அளந்தால் அளவுகோல் தவறாகத்தான் காட்டும். சில வாரம் நிறுத்திவிட்டு, இரண்டு நாள் ஜிம்முக்கு விடுப்பு விட்டு, மறுபடி எடுக்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் சிஸ்டாட்டின்-சி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. அது தசையின் அளவைப் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. விலைதான் கூடுதல்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெயிலில் அளவுக்கு மீறி ஓடிய மறுநாள் தசையெல்லாம் வீங்கி வலித்து, சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் அது தசை சிதைந்து ரத்தத்தில் கலந்ததன் அடையாளம். சிறுநீர்ப் பட்டையில் 'ரத்தம்' என்று காட்டும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு இருக்காது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இறைச்சி என்றதும் இன்னொன்று. கிரியாட்டினின் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, காலனிப் பெயரைக் கேட்டுவிட்டு, 'மாட்டுக்கறி சாப்பிட்டா இப்படித்தான்' என்று சொல்லும் மருத்துவர்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம். பரிசோதனைக்கு முந்தின இரவு எந்தக் கறி சாப்பிட்டாலும் எண் ஏறும். ஆட்டுக்கு ஒன்று மாட்டுக்கு ஒன்று என்று வேதியியலில் இல்லை. கறியைத் தவிர்த்துவிட்டு வந்து மறுபடி ரத்தம் கொடுங்கள் என்பது மருத்துவம். நீங்கள் சாப்பிடுவதே நோய் என்பது வேறு. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில் 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று சொல்லி, எதிர்ப்பு வந்ததும் விழாவையே தள்ளிவைத்தார்கள். அங்கே தட்டில் இருந்ததுதான் இங்கே மருந்துச் சீட்டுக்கு வந்திருக்கிறது.

உடம்பைப் பற்றிய ஒரு நம்பிக்கை எப்படிக் கணக்குச் சூத்திரமாகவே மாற முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு இருக்கிறது. சமூகவியல் படிக்கிற தோழர்கள் இதைப் பாடத்திலேயே வைக்கலாம். கிரியாட்டினினிலிருந்து சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவை மதிப்பிடும் கணக்கு 1999இல் ஒன்று வந்தது, 2009இல் மேம்படுத்தப்பட்ட இன்னொன்று வந்தது. இரண்டிலும் நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைப் பெருக்கிக் கூட்டினார்கள். முதலாவதில் சுமார் 20 சதவீதம், அடுத்ததில் சுமார் 16. கறுப்பின மக்களுக்குத் தசை அதிகம், அதனால் கிரியாட்டினின் அதிகம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இதன் விளைவு என்ன? ஒரே வயது, ஒரே கிரியாட்டினின், ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர் என்றால், கறுப்பரின் சிறுநீரகம் காகிதத்தில் நன்றாக இருக்கும். சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவது தள்ளிப்போகும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் ஏறுவதும் தள்ளிப்போகும்.

இதைக் கேள்வி கேட்டவர்களில் மருத்துவ மாணவர்கள் முன்னணியில் இருந்தார்கள் என்பதை நம் மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2017இல் பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனை இந்தப் பெருக்கலைக் கைவிட்டது. 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் கைவிட்டது. அங்கே வகுப்பறையிலேயே எழுந்து கேள்வி கேட்டவர்களில் நவோமி இன்கின்சி என்ற கறுப்பின மாணவி ஒருவர். 2021இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் சேர்ந்து இனத்தை நீக்கிய புதிய கணக்கைப் பரிந்துரைத்தன. மேலே நாம் போட்ட 97உம் 57உம் அந்தப் புதிய கணக்கில் வந்தவைதான். அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. பழைய கணக்கால் பின்தள்ளப்பட்டவர்களுக்கு வரிசையில் இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்க 2023 முதல் மருத்துவமனைகள் கட்டாயப்படுத்தப்பட்டன. பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளுக்கு அப்படிக் காலம் திரும்பக் கிடைத்தது. நடந்த அநீதியை நாள், மாதம், வருடம் என்று கணக்குப் போட்டுத் திருப்பித் தந்த நிகழ்வுகள் வரலாற்றில் அதிகம் இல்லை.

நம் நாட்டில் சாதிக்கு அப்படி ஒரு பெருக்கல் எண் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் அந்தக் கணக்குகளில் நம் உடம்பும் இல்லை. வடிகட்டும் அளவை 1.73 சதுர மீட்டர் உடல் பரப்புக்கு என்று போடுவார்கள். அந்த 1.73 நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க இளைஞர்களின் சராசரி. சண்டிகரில் இந்தியர்களிடம் நேரடியாக அளந்து பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், புழக்கத்தில் இருக்கும் கிரியாட்டினின் கணக்குகள் எல்லாமே சிறுநீரகத்தை உள்ளதைவிட நன்றாகவே காட்டின. காரணம் புரியாததல்ல. தசை குறைவு, இறைச்சி குறைவு, அதனால் சாம்பலும் குறைவு.

இந்தச் சராசரி இந்தியருக்கே நிலைமை இதுதான். சிறு வயதிலிருந்து ரேஷன் அரிசியும் ரசமுமாக வளர்ந்து, மல்லாட்டை பிடுங்கியும் நாற்று நட்டும் 38 கிலோவில் நிற்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவருடைய அடுப்பு சிறியது. சிறுநீரகம் பாதி வேலை செய்யாமல் போன பிறகும் கிரியாட்டினின் 'நார்மல்' கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வறுமை அவர் உடம்பிலிருந்து தசையைத் தின்றது. அதன் பிறகு அந்தத் தசைக் குறைவே நோயையும் மறைக்கிறது.

சிறுநீர்ப் பரிசோதனை இதைப் பிடித்துவிடாதா? ஓரளவுக்குத்தான் பிடிக்கும். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீர்ப் பட்டை வைத்துப் புரதம் பார்க்கிறார்கள். நல்ல திட்டம், மறுப்பதற்கில்லை. சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகம் கெட்டால் பெரும்பாலும் சிறுநீரில் புரதம் இறங்கும், பட்டை நிறம் மாறும். ஆனால் வெயிலில் உழைக்கிறவர்களிடம் காணப்படும், காரணம் உறுதியாகத் தெரியாத சிறுநீரக நோயின் குணம் வேறு. அதில் புரதம் அதிகம் இறங்குவதில்லை. சிறுநீர் நுரைக்காது, கால் வீங்காது. பட்டை சுத்தமாக இருக்கும்போதே சிறுநீரகம் சுருங்கிக்கொண்டிருக்கும். பட்டையில் தப்பியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை இல்லை என்று வைத்தால், யாரைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அவர்களைத்தான் விட்டுவிடுவோம்.

சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்று இன்னொரு பரிசோதனை உண்டு. தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும், குடிக்காவிட்டால் கெட்டியாகும். அதனால் புரதத்தை மட்டும் அளக்காமல் அதே சிறுநீரில் உள்ள கிரியாட்டினினால் வகுக்கிறார்கள். விடை 30க்குக் கீழே இருந்தால் நல்லது, 300க்கு மேல் போனால் மோசம். இங்கேயும் அடுப்புக் கதைதான். ஜிம் தம்பிக்கு வகுக்கும் எண் பெரிது, விடை குறைந்து தெரியும். மெலிந்த ஆயாவுக்கு வகுக்கும் எண் சிறிது, விடை கூடித் தெரியும். எந்தப் பரிசோதனையும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

வெயில் நோய் என்று சொன்னோம். எல் சால்வடார், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில் இளம் தொழிலாளர்கள் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இலங்கையில் அனுராதபுரத்தைச் சுற்றிய ரஜரட்டை நெல் விவசாயிகள், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் உத்தானம் பகுதி என்று அதே கதை. தமிழ்நாட்டில் சிறுநீரக மருத்துவர் என். கோபாலகிருஷ்ணனும் உடன் பணியாற்றியவர்களும் 2023இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்து, 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் முடிவை வெளியிட்டார்கள். முதல் சுற்றில் குறை தெரிந்தவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். பலருக்கு அளவு சரியாகியிருந்தது, சுமார் 5 சதவீதம் பேருக்கு நோய் உறுதியானது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

சரியாகிவிட்டது என்பதும் முழு ஆறுதல் இல்லை. வேர்த்து, தண்ணீர் வற்றி, ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறி, ஓய்வில் இறங்கி, அடுத்த வாரம் மறுபடி ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கமே வருடக்கணக்கில் சிறுநீரகத்தைத் தழும்பாக்குகிறது என்பது ஆய்வாளர்கள் வலுவாகச் சந்தேகிக்கும் வழி. அந்த நிலையில் உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் மாத்திரையும் ஊசியும் சேர்ந்துகொள்ளும்.

நம் மாவட்டத்தில் அடுத்தவர் நிலத்தில் பகல் முழுக்கக் குனிந்து நிற்பது யார், செங்கல் சூளையில் குடும்பத்தோடு கிடப்பது யார் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகிறார்கள், வெயில் இல்லாத நேரம் பார்த்து. வழியெங்கும் தண்ணீர், மோர், அன்னதானம். மறுநாள் காலை அந்த டம்ளர்களையும் இலைகளையும் கூட்டி அள்ளுகிறவர்கள் வெயிலில்தான் நடக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் மோர்ப்பந்தல் போடுவதில்லை.

தண்ணீர் குடியுங்கள் என்று விழிப்புணர்வு நோட்டீஸ் அடிப்பது சுலபம். எங்கே போய்க் குடிப்பது? நிலத்துக்காரர் வீட்டுச் சொம்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் கலந்தது என்ன என்று நாடே அறியும். 1927இல் மகாடு குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்தது சமத்துவத்துக்காக. அந்தத் தண்ணீர் சிறுநீரகத்துக்கும் சேர்த்துத்தான் என்பது இன்று ரத்தப் பரிசோதனையில் தெரிகிறது. பெண்களுக்கு இன்னொரு தடை. கழனியில் ஒதுங்க இடம் இல்லை என்பதால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பணியிடங்களில் பெண்கள் இப்படித் தண்ணீரைத் தவிர்ப்பதை வித்யா வேணுகோபால் குழுவினர் 2016லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே பணியிடத்தில் குடிநீரும் நிழலும் வேண்டும் என்று எழுதியிருந்தது. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வெயிலில் சுருண்டு விழுந்து அன்றே இறந்தால் அது பேரிடர். அதே வெயிலில் பதினைந்து வருடம் நின்று சிறுநீரகம் போய், ஜவ்வாது மலையிலிருந்து வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் பஸ் ஏறி வந்தால் அது தனி மனிதரின் விதி. இலவச டயாலிசிஸ் இருக்கிறது என்பார்கள். பஸ் செலவும் போன கூலியும் கூட வருகிறவரின் கூலியும் இலவசம் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயம்கூட இல்லை. அரசு லேப்பில் கிரியாட்டினின் எண்ணோடு வடிகட்டும் அளவையும், அதாவது இ-ஜிஎஃப்ஆர், சேர்த்து அச்சடிக்க வேண்டும். வயதும் பாலினமும் போட்டால் கம்ப்யூட்டர் நொடியில் போட்டுவிடும் கணக்கு அது. விவசாயக் கூலிகள், சூளைத் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்களுக்குப் பட்டை முடிவு என்னவாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். குறை தெரிந்தால் மூன்று மாதம் கழித்துத் தேடிப் போய் மறுபடி எடுக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாகப் போகும் ஊழியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

அதுவரை முகாம் நடத்தும் தோழர்கள் செய்யக்கூடியது உண்டு. ஓய்வு நாளுக்கு மறுநாள் காலையில் ரத்தம் எடுங்கள், வேலை முடிந்து வரும் மாலையில் வேண்டாம். முந்தின இரவு கறி வேண்டாம் என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். வலி மாத்திரை, பவுடர், நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் சீட்டில் எழுதுங்கள். எடையையும் எழுதுங்கள். 40 கிலோவுக்குக் கீழே இருப்பவரின் 'நார்மல்' ரிப்போர்ட்டைத் தனியாக எடுத்து வைத்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டரிடம் சிஸ்டாட்டின்-சி தேவையா என்று கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப்போட விடாதீர்கள். போன வருடம் 0.7, இந்த வருடம் 1.1 என்றால் இரண்டும் கட்டத்துக்குள் இருந்தாலும் அது கேட்க வேண்டிய கேள்வி.

வயதைக் கேட்பதில்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கும். நம் ஆயாக்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று ஒரு தேதி ஒட்டியிருக்கும், வருடம் யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. பத்து வயது மாறினால் இந்தக் கணக்கில் விடை சுமார் 6 சதவீதம் நகரும். 60 என்ற கோட்டின் ஓரத்தில் நிற்பவருக்கு அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதையே மாற்றிவிடும். எம்.ஜி.ஆர். செத்த வருஷம் உனக்கு எத்தனை பிள்ளை, பெரியது நடந்துகொண்டிருந்ததா என்று கேளுங்கள். 1987இலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.